புலியும் ஹால் மூலையும்: ஆறு வார உச்சா நோட்டு

நோட்டோட முதல் பக்கத்துல இப்படி எழுதியிருக்கேன்: "காலை 6.10, கீழ கூட்டிட்டுப் போனேன். 35 நிமிஷம். ஒண்ணும் போகல. 6.47, மேல வந்தோம். 6.49, ஹால், டிவி ஸ்டாண்டு பக்கத்துல, பெரிய குட்டை." அதுக்குக் கீழ கோவத்துல கிறுக்குன ஒரு வரி, "வேணும்னே பண்றான்". இப்ப அந்த வரியப் படிச்சா எனக்கே சிரிப்பா வருது, ஆனா அன்னிக்கு சிரிப்பு வரல, காலங்காத்தால 35 நிமிஷம் ஒரு நாய் பின்னாடி நின்னுட்டு வந்து மாப்பு புழியறவனுக்கு எப்படி வரும்.

புலி எங்க வீட்டுக்கு வந்தப்போ அஞ்சு மாசம், 9 கிலோ, கலப்பு ஜாதி, ஒரு காது நிக்கும் ஒரு காது தொங்கும். பேரு தங்கச்சி வெச்சது. துடைப்பத்தப் பாத்தாலே கட்டிலுக்கடியில போயி ஒளியற ஜீவனுக்குப் புலின்னு பேரு. முன்னாடி இருந்தவங்க அவன முழுக்க மொட்டமாடியிலயே வெச்சு வளத்திருக்காங்க, அதனால மண்ணுன்னா என்ன புல்லுன்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது. இது எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுதான் உறைச்சுது. குட்டிங்க ஏழு எட்டு வார வயசுலயே, காலுக்கடியில எந்த மாதிரி தரை இருந்தா போலாம்னு மனசுல பதிய வெச்சுக்குமாம். இவனுக்குப் பதிஞ்சது வழவழன்னு கெட்டியா இருக்கற தரை. எங்க வீடு முழுக்க டைல்ஸ். அவன் கணக்குல நாங்க ஒரு பெரிய கக்கூஸ்ல குடியிருக்கோம்.

முதல் வாரம், பண்ணக்கூடாத எல்லாத்தையும் பண்ணுன வாரம்

சத்தம் போட்டேன். பேப்பரச் சுருட்டித் தரையில தட்டுனேன். ஆளாளுக்குச் சொன்னாங்கன்னு ஒரு தடவ மூக்கக் கொண்டுபோயி குட்டையில காட்டவும் செஞ்சேன், இத எழுதவே கூச்சமா இருக்கு ஆனா பதிவுன்னா எல்லாம் இருக்கணும். பலன் என்னன்னா அவன் உச்சா போறத நிறுத்தல, என் கண்ணு முன்னாடி போறத நிறுத்திட்டான். சோபாவுக்குப் பின்னாடி, கதவு மறைவுல, அம்மா ரூம் கட்டில் கால்கிட்டன்னு ரகசிய இடமாத் தேட ஆரம்பிச்சிட்டான். இதவிட மோசம், வெளிய கூட்டிட்டுப் போனாலும் கயித்தோட மறுமுனையில நான் நிக்கறேன்ல, அங்கயும் போக பயப்பட்டான். "இந்தாளு இருக்கறப்போ உச்சா போனா ஆபத்து", அவ்வளவுதான் அவன் கத்துக்கிட்டது. வீட்டுக்குள்ளயா வெளியவாங்கற வித்தியாசம் அந்தப் பாடத்துலயே இல்ல.

"பாருடா, தப்பு பண்ணிட்டோம்னு மூஞ்சியிலயே தெரியுது" அப்படின்னு அம்மா சொல்லுவாங்க, அவனும் காத மடக்கி, கண்ண ஓரமாத் திருப்பி, வால உள்ள சுருட்டிக்கிட்டு நிப்பான். அஞ்சாம் நாள் அம்மாவே கை தவறி ஒரு சொம்பு தண்ணிய ஹால்ல கொட்டிட்டாங்க. நான் உள்ள வந்து தரையப் பாத்துட்டு "டேய்!"னு கத்துனதுதான் தாமதம், அதே காது, அதே கண்ணு, அதே வாலு. அவன் ஒண்ணுமே பண்ணல! 2009ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 14 நாய்ங்கள வெச்சு இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்க, நாய் நிஜமா தப்பு பண்ணுச்சா இல்லையாங்கறதுக்கும் அந்த மூஞ்சிக்கும் சம்பந்தம் இல்ல, ஓனர் திட்டுனா அந்த மூஞ்சி வருது, அவ்வளவுதான். அந்த சொம்புத் தண்ணியோட என் சத்தம் போடற படலம் முடிஞ்சுது.

இன்னொண்ணு, இத நான் முதல் நாளே செஞ்சிருக்கணும்: டாக்டர்கிட்ட காட்டறது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாப் போறது, முக்கறது, ரத்தம் கலந்து வர்றது, தூங்கிட்டு இருக்கும்போதே கசியறது, இதெல்லாம் இருந்தா பழக்கத்துல கோளாறு இல்ல, சிறுநீர்ப் பாதையில கிருமி இருக்கலாம். நோய் வந்த குட்டிக்கு என்ன ட்ரெயினிங் குடுத்தும் பிரயோஜனம் இல்ல, பாவம்தான். புலிக்கு யூரின் டெஸ்ட் எடுத்தோம், சுத்தமா இருந்துச்சு. சாம்பிள் எடுக்கறதுக்கு ஒரு கரண்டிய நீளக் குச்சியில கட்டிக்கிட்டு அவன் பின்னாடி நான் ஓடுன கதை தனி, அத விட்ருவோம்.

நோட்டு

ரெண்டாவது வாரம்தான் நோட்டு போட்டேன். மணி, இடம், அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தான், எவ்வளவு பெரிய குட்டை. அளவுக்கு நானே வார்த்தை வெச்சுக்கிட்டேன்: மூடி, சாஸர், தட்டு. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா கடைசியில முடிச்சு அவிழ்ந்ததே இந்த அளவுக் கணக்குலதான்.

அஞ்சு நாள்ல 41 தடவ. அதுல வீட்டுக்குள்ள 27. எப்பல்லாம்னு பாத்தா தூங்கி எந்திரிச்சதும், நல்லா விளையாடிட்டு இருக்கும்போது திடீர்னு நடுவுல, தண்ணி குடிச்ச பத்து இருவது நிமிஷத்துல. ஆய் போறது சாப்பிட்டு கால் மணி அரை மணிக்குள்ள, வயித்துல சாப்பாடு விழுந்தா குடல் தன்னால அசையும், அது எல்லாக் குட்டிக்கும் உள்ளதுதான். இதெல்லாம் எதிர்பாத்ததுதான். எதிர்பாக்காதது ஒண்ணு இருந்துச்சு, அந்த 27ல 11 தடவ வெளிய போயிட்டு வந்த பத்து நிமிஷத்துக்குள்ள நடந்திருக்கு, அதுலயும் பாதி வெளியவும் உச்சா போயிட்டுத்தான் வந்திருக்கான். வெளிய போயிட்டான், நானும் ட்ரீட் குடுத்துட்டேன், சந்தோஷமா மேல வந்தோம், வந்ததும் ஹால்ல ஒரு தட்டு. இது எப்படி? இந்தக் கேள்விய ஓரமா வெச்சுட்டு மத்த வேலையப் பாத்தேன், ஏன்னா வீடு நாறிட்டு இருந்துச்சு.

ராத்திரி டார்ச்

நாங்க பினாயில் போட்டுத்தான் துடைச்சிட்டு இருந்தோம். நமக்கு பினாயில் வாசம் வந்தா சுத்தம்னு அர்த்தம், நாய் மூக்குக்கு அந்த வாசத்துக்கு அடியில உச்சா வாசம் அப்படியே இருக்கும். தண்ணி, சோப்பு எல்லாம் நெறத்தையும் உப்பையும் எடுத்துரும், வாசம் குடுக்கற மிச்சம் மட்டும் தரையப் புடிச்சிட்டு நிக்கும், ஈரப்பதம் பட்டா மறுபடி வாசம் கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அதோட வாசமே உச்சா மாதிரிதான், இங்க போன்னு போர்டு மாட்டி விடற வேலை.

புற ஊதா டார்ச் ஒண்ணு வாங்கி ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சிட்டு அடிச்சுப் பாத்தேன். ஐயோ. நாங்க நாலு இடம்னு நெனச்சிட்டு இருந்தோம், பதிமூணு இடம் மஞ்சப்பச்சையா மின்னுது. திரைச்சீலை அடி ஓரம், செருப்பு ஸ்டாண்டு கால், என் ஆபீஸ் பை (ஆமா, பை). டைல்ஸ் மேல பெருசா இல்ல, டைல்ஸுக்கு நடுவுல இருக்கற சந்துக் கோடு இருக்குல்ல, அதுக்குள்ளதான் இறங்கியிருக்கு. ஒரு எச்சரிக்கை, சோப்புத்தூளும் அந்த வெளிச்சத்துல மின்னும். அம்மா ரூம்ல ஒரு பெரிய கறைய அரை மணி நேரம் மண்டி போட்டுத் தேய்ச்சேன், கடைசியில அது என்னிக்கோ சிந்துன டிடர்ஜென்ட்.

என்சைம் கிளீனர்தான் (உச்சாவையே சிதைச்சு வாசத்த அடியோட எடுக்கற திரவம்) வேலை செஞ்சுது, ஆனா ஸ்ப்ரே அடிச்சு உடனே துடைச்சா ஒரு புண்ணியமும் இல்ல. உச்சா எவ்வளவு தூரம் பரவி இறங்கியிருக்குமோ அத விடக் கொஞ்சம் அதிகமா ஊத்தி, மேல ஒரு ஈரத்துணி போட்டு கால் மணி நேரம் ஊற விடணும், அப்புறம் ஒத்தி எடுத்துட்டு தானாக் காய விடணும். பினாயிலோ பிளீச்சோ முன்னாடி போட்டிருந்தா நல்லா வெறும் தண்ணியில கழுவிட்டுத்தான் இத ஊத்தணும், இல்லன்னா அந்த கெமிக்கல் என்சைமக் கெடுத்துரும். சந்துக் கோடுகளுக்கு பழைய டூத் பிரஷ். ரெண்டு ராத்திரி வேலை.

இடுப்புல கயிறு

அடுத்து, அவன கண்ணு மறைவா விடறத நிறுத்துனோம். ஆறடி கயித்த என் பெல்ட்ல மாட்டிக்கிட்டேன், நான் எங்க போறேனோ அவனும் அங்க. தரைய மோந்து வட்டமடிக்க ஆரம்பிச்சாலோ, விளையாட்ட பாதியில விட்டுட்டு விலகிப் போனாலோ உடனே தெரிஞ்சிரும். யாரும் பாத்துக்க முடியாத நேரத்துக்கு கூண்டு. இதுலயும் சொதப்புனேன், வளந்தப்புறம் மறுபடி வாங்க வேணாமேன்னு பெருசா வாங்கிட்டேன், அவன் முன்பாதியில படுத்துக்கிட்டு பின்பாதிய பாத்ரூம் ஆக்கிட்டான். நிக்க, திரும்ப, கால நீட்டிப் படுக்க, அவ்வளவு இடம் போதும். ஒரு பலகைய நடுவுல செருகி சின்னதாக்குனப்புறம் கூண்டுல ஒரு தடவ கூடப் போகல. சாப்பாட்ட உள்ள வெச்சே பழக்குனதால கதவத் தொறந்து வெச்சாலும் அங்கயே போயித் தூங்கறான். திட்டிட்டு உள்ள தள்ளறதுக்கு மட்டும் கூண்ட யூஸ் பண்ணிராதீங்க.

மாச வயசோட ஒண்ணு கூட்டுனா அத்தன மணி நேரம் அடக்குவான்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அஞ்சு மாசத்துக்கு ஆறு மணி. அது உச்சபட்சம், அதுவும் தூங்கும்போது. முழிச்சு ஓடியாடிட்டு இருக்கற நேரத்துக்கு அதுல பாதி கூடத் தேறாது. நான் பகல்ல ரெண்டு மணிக்கொரு தடவ இறக்குனேன். ராத்திரி 11க்கு ஒரு தடவ, அப்புறம் 3 மணி அலாரம், அத நாலஞ்சு நாளைக்கொரு தடவ அரை மணி தள்ளித் தள்ளி வெச்சு காலை 6ல கொண்டுபோய் விட்டாச்சு. தண்ணிய நிறுத்தல, படுக்கறதுக்கு ஒண்ணரை மணி முன்னாடி கிண்ணத்த எடுத்து வெச்சேன், அவ்வளவுதான்.

நாங்க இருக்கறது முதல் மாடி, 18 படி. ஆறாவது படியிலயே போயிருவான், நடக்க ஆரம்பிச்சதும் மூத்திரப்பை அசையுதுல்ல. அதனால கீழ வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். தூக்கியிருக்கும்போது போக மாட்டாங்கன்னு சொன்னாங்க, உண்மைதான், ரெண்டு தடவ தவிர.

டைல்ஸக் கீழ கொண்டுபோன கதை

இவ்வளவும் பண்ணியும் மண்ணுல போக மாட்டேன்னுட்டான். புல்லுல நின்னா ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி உதறுவான், ஏதோ சூடு பட்ட மாதிரி. அப்பதான் மொட்டமாடி விஷயம் உறைச்சுது. பரண்ல வீடு கட்டும்போது மிஞ்சுன டைல்ஸ் கெடந்துச்சு, நாலு எடுத்துட்டுப் போயி கீழ செவுத்தோரம் மண்ணு மேல சதுரமாப் போட்டேன். காலையில ஹால்ல அவன் போனத ஒத்தி எடுத்த பேப்பர அதுமேல தேய்ச்சு வெச்சேன். சாயங்காலம் இறக்குனேன். மோந்தான், ஒரு சுத்து சுத்துனான், உக்காந்தான். 13 நாள்ல முதல் தடவயா தயக்கமே இல்லாமப் போனான். நான் அழாத குறை. மேல ஜன்னல்லருந்து தங்கச்சி, "அண்ணா, போய்ட்டானா?"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறா.

மூணு நாள் நாலு டைல்ஸ். அப்புறம் அதுமேல கைப்பிடி மண்ணத் தூவுனேன், மறுநாள் கொஞ்சம் கூட, இன்னும் கொஞ்சம் கூட. பிறகு ஒரு டைல எடுத்தேன், ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. ஒரே ஒரு தடவ அவசரப்பட்டு ஒரே நாள்ல ரெண்ட எடுத்துட்டேன், அன்னிக்கு மறுபடியும் ஹாலு. திருப்பி வெச்சேன். இதுல அவசரமே உதவாது, அவன் கால் ஒத்துக்கற வேகத்துலதான் போணும்.

எட்டு செகண்ட்

இப்ப அந்த ஓரமா வெச்ச கேள்வி. வெளிய டைல்ஸ்ல போறான், ஆனா உள்ள வந்தும் போறான். குட்டை அளவப் பாத்தா வெளிய எப்பவும் மூடி, சாஸர். உள்ள தட்டு. அப்ப ஒரு சந்தேகம் வந்து செகண்ட் எண்ண ஆரம்பிச்சேன். உள்ள போறப்போ 12, 13 செகண்ட் ஓடும். வெளிய 4, 5தான். மிச்சம் எட்டு செகண்ட் எங்க?

தங்கச்சிய விட்டு போன்ல வீடியோ எடுக்கச் சொன்னேன். அதுல தெளிவாத் தெரிஞ்சுது, புலி உக்கார்றான், ஆரம்பிக்கறான், உடனே நான் கீச்சுக் குரல்ல "வெரி குட் புலி! வெரி குட்!"ங்கறேன், கை பாக்கெட்டுக்குப் போகுது, ட்ரீட் கவர் சரசரங்குது, புலி டக்குனு தலையத் திருப்பறான், பாதியில நிறுத்திட்டு என்கிட்ட ஓடி வர்றான். மிச்சத்த உள்ளயே வெச்சுக்கிட்டு. ட்ரீட் வாங்குனதும் மேல கூட்டிட்டு வந்துர்றேன். வயித்துல பாதி உச்சாவோட வந்த குட்டி ரெண்டு நிமிஷத்துல ஹால்ல போகாம என்ன செய்யும்? மூணு வாரமா பிடிவாதம் பிடிவாதம்னு நாங்க பேரு வெச்சதுல முக்கால்வாசி என் வாய்தான்.

அன்னிக்கே மாத்துனேன். அவன் ஆரம்பிச்சா நான் செலை. மூச்சு விடற சத்தம் கூட இல்ல. ட்ரீட்ட கவர்லருந்து முன்னாடியே எடுத்து உள்ளங்கையில வெச்சுக்கறது, வேகவெச்ச கோழி, சுண்டு விரல் நகம் அளவு. அவன் முடிச்சு, நிமிந்து, ஒரு அடி எடுத்து வெச்ச அந்த நொடி மெதுவா "நல்லவன்"னு சொல்லி அங்கயே குடுக்கறது. ஒண்ணு ரெண்டு செகண்டுக்குள்ள குடுக்கணும், மேல வந்து குடுத்தா மேல வந்ததுக்குக் குடுத்ததாத்தான் எடுத்துக்குவான். குடுத்ததும் ஓடி வராம இன்னும் அஞ்சு நிமிஷம் அங்கயே சுத்தறது, நிறைய தடவ ரெண்டாவது ரவுண்டு வரும். அப்புறம் கொஞ்சம் பந்து விளையாட்டு. இதுலயும் ஒரு காரணம் இருக்கு, உச்சா போன கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா "போயிட்டா ஊர் சுத்தறது முடிஞ்சிரும்"னு புரிஞ்சுக்கிட்டு அடக்கி வெச்சுக்கும், புத்திசாலி நாயா இருந்தா இன்னும் சீக்கிரம் கத்துக்கும்.

2014ல அமெரிக்காவுல ஒரு குழு மிருகங்களுக்கெல்லாம் இந்த மாதிரி செகண்ட் எண்ணிப் பாத்திருக்கு, 3 கிலோவுக்கு மேல இருக்கற பாலூட்டி எதுவா இருந்தாலும், நாயோ யானையோ, மூத்திரப்பைய காலி பண்ண சராசரியா 21 செகண்ட், முன்ன பின்ன 13. மறு வருஷம் அதுக்கு இக் நோபல் கூடக் கெடச்சுது, முதல்ல சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கற பரிசு அது. இத வீட்ல பெருமையாச் சொன்னேன். அம்மா, "அவங்க பரிசு வாங்கிட்டாங்க, நீ மாப்பு எடு" அப்படின்னுட்டாங்க.

மாத்துன மூணாம் நாள் நோட்டு: வெளிய 7, உள்ள 1. அஞ்சாம் நாள் வெளிய 6, உள்ள 0.

மத்ததெல்லாம்

வார்த்தை ஒண்ணா இருக்கணும். நான் "போய்க்கோ"ம்பேன், அம்மா "உச்சா போடா கண்ணா", தங்கச்சி விசில். அவன் யார் பேச்சக் கேப்பான்? "போய்க்கோ"ன்னு முடிவு பண்ணோம், ஒரு வாரம் அவன் உக்கார்ற நேரத்துல மட்டும் மெல்லச் சொன்னது, அப்புறம் இடத்துக்குப் போனதும் முன்கூட்டியே சொன்னது. விசில் அடிக்கறத நிறுத்தத்தான் நாளாச்சு, புலிய சொல்லல.

அஞ்சாவது வாரம் விருந்தாளி வந்தாங்க, வாசல்லயே சந்தோஷத்துல குதிச்சு குதிச்சு ஒழுக விட்டான். நோட்டுல இத தனிப் பக்கத்துல எழுதுனேன், ஏன்னா இது பழக்கத்தோட சேர்த்தி இல்ல, ஆர்வத்துல அவனையறியாம கசியறது. வர்றவங்ககிட்ட முதல் ரெண்டு நிமிஷம் அவனக் கண்டுக்காம நிக்கச் சொல்லி, அவன் அடங்குனப்புறம் குனிஞ்சு கழுத்துக்குக் கீழ தடவச் சொன்னோம், குறைஞ்சுது. திட்டுனா கூடத்தான் செய்யும். அதே வாரம் சோபா கால்ல மூடி அளவு ஒண்ணு, செவுத்துல ஒண்ணு, கால லேசாத் தூக்கி. ஆறு மாசம் தாண்டுது, ஆம்பளப் புள்ள, எல்லை போட ஆரம்பிச்சிருக்கான். மறுபடி ஒரு வாரம் கயிறு இடுப்புக்கு வந்துச்சு, என்சைமும் வந்துச்சு. கருத்தடை பண்ணா இது பெரும்பாலும் குறையும்னு டாக்டர் சொன்னாங்க, எப்பன்னு அவங்களக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.

இத எழுதற இன்னிக்கு நோட்டுல 16 நாளா உள்ள பூஜ்யம். நேரமாச்சுன்னா கதவுகிட்ட போயி நின்னு கதவப் பாக்க மாட்டான், என்னப் பாப்பான். கீழ ஒரே ஒரு டைல் மட்டும் மிச்சம் இருக்கு, பாதி மண்ணுக்குள்ள பொதைஞ்சு சுத்தி புல்லு மொளச்சிருச்சு, சாதாரண நாள்ல அதக் கண்டுக்கறது கூட இல்ல, எங்க வேணா போறான். மழை பேஞ்சா மட்டும் பழைய புலி. ஈரப் புல்லுல கால வைக்கவே மாட்டான், நேரா போயி அந்த ஒத்த டைல் மேல நாலு காலையும் ஒடுக்கி நிப்பான், நான் குடைய அவன் முதுகுக்கு மேல புடிச்சிக்கிட்டு வாயத் தொறக்காம செகண்ட் எண்ணணும். நேத்து 14.